இல்லாத அடி

கதவு மூடியதும் முதலில் போனது மழை. அடுத்தது நடைபாதையில் யாரோ தள்ளிக்கொண்டு போன வண்டியின் சக்கரச் சத்தம். பிறகு ஆஸ்பத்திரிகளில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஓர் உறுமல் இருக்குமே, அதுவும் போனது. அலுமாரி அளவு அறை, சுவரெல்லாம் துளைத் துளையாய்ச் சாம்பல் நிறப் பலகை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி ஜன்னல். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு இப்படி ஓர் அறைக்கு நான் எவ்வளவு ஏங்கியிருப்பேன். அப்போது என் ஒலிப்பதிவுக் கூடம் ஈஸ்ட்ஹாமில் சித்தப்பா வீட்டு மேல்மாடிச் சின்ன அறை, சுவரில் முட்டை மட்டை ஒட்டியிருந்தேன், சித்தி பக்கத்துக் குளியலறையில் தண்ணீர் திறந்தால் பாட்டுக்குள்ளும் தண்ணீர் விழும். இப்போது ஒரு சத்தமும் நுழையாத அறை கிடைத்திருக்கிறது, அதற்குள் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, கையில் ஒரு பட்டன் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையின் சட்டையில் ஆர்த்திகா என்று எழுதியிருந்தது. என் பெயரைப் பார்த்தவுடனேயே "பகீரதன்... தமிழ்தானே அங்கிள்?" என்றாள். அங்கிள். மூன்றாயிரம் பேர் பாகி, பாகி என்று சுவரில் அடித்துக் கத்திய பெயர், ஒரு வரவேற்பு மேசையில் அங்கிள் ஆகிவிட்டது. "சத்தம் கேட்டவுடனை இதை அமத்துங்கோ அங்கிள். எவ்வளவு சின்னச் சத்தமெண்டாலும் பரவாயில்லை. கேக்காட்டி அமத்த வேண்டாம், சரியோ?" சரி என்றேன். இதில் சரியில்லாமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வலது காது. இதோ ஒரு சத்தம், தெளிவாக, பல்லில் தட்டுவதுபோல. அழுத்தினேன். இன்னும் சின்னதாய் ஒன்று. அழுத்தினேன். வலது காது நல்ல பிள்ளை, சொன்ன வேலையைச் செய்யும், அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை, அதனால் நான் எப்போதும் இடதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இடது காதுக்குள் மூன்று வருடமாக ஒரு சீறல், குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் வருமே அந்தச் சீறல், விசில் மட்டும் வருவதேயில்லை. ஏன் இடது என்று கேட்டால் எனக்குக் காரணம் தெரியும், யாரும் சோதித்துச் சொல்லத் தேவையில்லை. ஹெட்ஃபோனை வலது காதில் தோளோடு அணைத்துப் பிடித்து அடுத்த இசைத்தட்டைக் கேட்பேன், இடது காதைத் திறந்து வைத்து மேடை ஒலிபெருக்கியைக் கேட்பேன், இரண்டையும் தலைக்குள் ஒன்றாக்குவேன், நடன மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவனுக்கு அதுதான் தொழில். எட்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒலிபெருக்கிக்கு ஒரு முழம் தள்ளி அதே இடத்தில் அதே காது. லெஸ்டர் சொன்னான். என்னோடு மைக் பிடித்தவன், ஃபொரெஸ்ட் கேட் பகுதியில் ஒரு ஜமேக்காக் குடும்பம், நான் போட்ட தட்டுக்கு மேல் பேசியே கூட்டத்தைத் தூக்கி நிறுத்துவான். ஒரு நாள் இரண்டு மஞ்சள் பஞ்சை நீட்டி, "பாகி, இதைக் காதுக்குள்ளே வை, வயசானால் அழுவாய்" என்றான். நான் சிரித்தேன். பஞ்சு வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறவன் கையுறை போட்டுக்கொண்டு சோறு சாப்பிடுகிறவன் என்றேன். நல்ல வசனம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. லெஸ்டருக்கு இன்றைக்கும் இரண்டு காதும் கேட்கிறது.

இப்போது இடது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் இடப்பக்கம் கை காட்டினாள், தலையாட்டினேன். ஒன்று கேட்டது, தடித்த சத்தம், பேஸ் பக்கம். அழுத்தினேன். இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. சீறல் மட்டும். அவள் போடுகிறாளா, போடவில்லையா? அந்த மண்டபம் நினைவுக்கு வந்தது. போன மாதம், ஹரோவில், சாமத்தியவீடு, ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா. நான் இப்போது பார்சல் டிப்போவில் மேற்பார்வை, சனி ஞாயிறுகளில் நம்மவர்களின் சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் பாட்டுப் போடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை, பெண்பிள்ளை பல்லக்கில் வரும்போது எந்த இடத்தில் தவில் முடிந்து எந்த இடத்தில் பேஸ் இறங்க வேண்டும் என்று என்னைவிட லண்டனில் யாருக்குத் தெரியும். அன்று பகல் ஒரு மணிக்கு, எண்ணூறு பேருக்கு முன்னால், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை நுழைத்தேன். நுழைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கை உயர்த்தினேன், சிரிக்கக்கூடச் செய்தேன். முன் வரிசையில் ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் ஓடியிருக்கிறது, பல்லக்குத் தூக்கியவர்கள் எந்தக் கால் வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டார்கள். என் மகள் ஆரணி மேடைக்கு ஓடிவந்து, என்னைப் பார்க்காமலே, மிக்ஸரில் ஒரு கட்டையைக் கீழே இறக்கினாள். பதினெட்டு வயதுப் பிள்ளை. எனக்குக் கேட்கவில்லை என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. என் மனைவி ரஜிதாவுக்குத் தெரியவில்லை. காரில் ஏறியதும் "குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். பாட்டுப் போடுகிற நாளில் நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை, அது அவளுக்கும் தெரியும். "ஓம், ரெண்டு கிளாஸ் கூடிப்போச்சு" என்றேன். செவிடன் என்று தெரிவதைவிடக் குடிகாரன் என்று நினைக்கட்டும் என்று இருந்தது. அவள் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒன்று கேட்டது. கேட்டதா? அழுத்தினேன். பிறகு கொஞ்சம் விட்டு இன்னொன்று, அதையும் அழுத்தினேன். பிடிபட்டுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையின் கைக்கு ஒரு தாளம் இருக்கிறது, அவளுக்கே தெரியாது. ஒன்று, இரண்டு, கொஞ்சம் பிந்தி மூன்று, நீண்ட இடைவெளி, சட்டென்று ஒன்று. மனிதக் கை எவ்வளவு முயன்றாலும் ஒழுங்கில்லாமல் அடிக்காது, அதை நம்பித்தான் நான் சாப்பிட்டேன். மற்ற நடனப் பாட்டுகளில் நாலு அடியும் நேராக விழும், தும் தும் தும் தும், படை நடப்பதுபோல. நாங்கள் இரண்டாவதையும் நாலாவதையும் எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் ஆடுகிறவன் அந்த இடத்திலும் அடி விழுந்ததாகவே இடுப்பை விடுவான், உடம்பு தானாக நிரப்பிக்கொள்ளும், இல்லாத அடிக்குத்தான் அவன் ஆடுகிறான். அதுதான் கராஜ் என்கிற இசை. சித்தப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. கணக்கியல் படிக்கவென்று லண்டனுக்கு எடுத்துவிட்ட பெறாமகன் என்ன செய்கிறான் என்று கோயிலில் கேட்டவர்களுக்கு "பெடியன் கராஜிலை நிக்கிறான்" என்றார், அடுத்த வெள்ளியே ஒருத்தர் தன்னுடைய டொயோட்டாவைத் திருத்தச் சொல்லி வாசலில் கொண்டுவந்து விட்டார். நான் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் யாரோ ஒருவருடைய வீட்டுக் குசினிக்குள் இருந்து திருட்டு வானொலியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், கூரையில் ஏரியல், அதிகாரிகள் கழற்றிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் வேறொன்று ஏறிவிடும். ஒன்று, இரண்டு, பிந்தி மூன்று. அழுத்தினேன். இடைவெளி. அழுத்தினேன். பார், வருகிறது, காது வருகிறது, பயந்ததுபோல இல்லை, நித்திரையாக இருந்திருக்கிறது, இவ்வளவுதான். லெஸ்டர் கேட்டபடி வருகிற கோடைக்குச் சரி என்று சொல்லிவிடலாம். நாங்கள் வெளியிட்ட தட்டுக்கு இருபத்தைந்து வருடமாம், ஞாயிறு மத்தியானக் கூட்டம், பழைய முறைப்படி, கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு தட்டும் இரண்டு காதும்தான்.

அந்தத் தட்டு ரஜிதாவின் குரல். அப்போது அவள் டூட்டிங்கில் பெரியம்மா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள், நான் இல்லாத நேரங்களில் போன் எடுத்தால், டெலிபோன் மெசினில் குரல் பதிந்து விடுவாள். "பகி, இருக்கிறீங்களோ? இருந்தா எடுங்கோ." சுருக்கமாக, பெரியம்மா காதில் விழாதபடி மெல்லமாக. நான் அதை எடுத்து, வெட்டி, வேகத்தைக் கூட்டி, இருந்தா இருந்தா எடு எடு எடுங்கோ என்று அடி இல்லாத இடங்களிலெல்லாம் தூவினேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, என்னிடம் வந்த குரல் என்னுடையது என்று இருந்தேன். ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மதுக்கடையின் பின் மண்டபத்தில் முதல்முதலாகப் போட்டேன். கூட்டம் சுவரில் அடித்தது. ஒரு பாட்டு மனதைப் பிடித்துவிட்டால் சனம் அப்படித்தான் செய்யும், சுவரில் அடித்துத் திருப்பு, திருப்பு என்று கத்தும், நான் கையால் தட்டை நிறுத்தி, பின்னுக்குச் சுழற்றி, முதலிலிருந்து விட வேண்டும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அன்றைக்கு ஐந்து தடவை திருப்பினேன். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத சனம் ரஜிதாவின் குரலை ஐந்து தடவை திருப்பிக் கேட்டது. டூட்டிங்கில் மிச்சம் என்ற வீதியில் ஒரு காரிலிருந்து அது போவதைக் கேட்டுத்தான் அவளுக்கே விசயம் தெரியும். "என்ரை குரலை எலி கத்துற மாதிரி ஆக்கிப்போட்டீங்கள்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பதிவு செய்யவில்லை.

ஒன்று, இரண்டு. அழுத்தினேன். பிந்தி மூன்று. இப்போது ரஜிதா இடப்பக்கம் நின்று பேசினால் எனக்குக் கேட்பது மேடும் பள்ளமும் மட்டும். சன்னமான எழுத்துகள் எல்லாம் முதலில் போய்விட்டன, சகரம் போனது, சீனியும் சோறும் சாவியும் போனது, மீதியைச் சந்தர்ப்பத்தை வைத்துக் கட்டிக்கொள்கிறேன். ரஜிதாவின் பேச்சு எனக்குப் பாடம். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்த இடத்தில் நிறுத்தி என் பக்கம் பார்ப்பாள். அந்த இடத்தில் "ஓம்" போடுவேன். ஏற்றம் கொஞ்சம் கூடவென்றால் "ஓம், ஓம், நல்லது" போடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாகவே விழும். தை மாதத்தில் ஒரு நாள் நான் லாப்டொப்பில் பாட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது இடப்பக்கமாக வந்து நின்று கொஞ்சம் நீளமாகப் பேசினாள். ஏறி, இறங்கி, நின்றது. நான் தலை தூக்காமல் "ஓம், ஓம், நல்லது" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அது எனக்குத் தெரிந்தது, ஏன் நிற்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துமிருக்கிறேன். பிறகு போய்விட்டாள். மூன்று கிழமை கழித்து அச்சு எந்திரத்தில் ஒரு விமானச் சீட்டு கிடந்தது, டொரொண்டோ, ஒருவர், திரும்புவதற்குத் தேதி இல்லை. ஆரணியிடம் கேட்டேன். "அம்மம்மா விழுந்து இடுப்பு முறிஞ்சதுதானே. ஒரு வருசம் போய் நிண்டு பாக்கட்டோ, நீங்கள் தனிய சமாளிப்பீங்களோ எண்டு அம்மா கேட்டவா. நீங்கள்தானே ஓம், நல்லது எண்டனீங்கள்?" நல்லது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் ஒரு வருடம் போகட்டுமா என்று கேட்க, தலை தூக்காமல் நல்லது என்றிருக்கிறேன். வருகிற வியாழன் அவள் பயணம். நான் கேட்கவில்லை என்று சொன்னால் போதும். அதைச் சொன்னால் ஏன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். மண்டபம், குடி என்று சொன்ன பொய், மூன்று வருடத்து ஓம்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆரணிதான் இந்தச் சோதனைக்கு நாள் எடுத்தாள், ரஜிதாவிடம் டிப்போவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் காது சரியென்று வந்துவிட்டால்? சீறல் மட்டும்தான் என்று வந்துவிட்டால் ஒன்றையும் சொல்லத் தேவையில்லையே. அழுத்தினேன். இடைவெளி. அழுத்தினேன். நன்றாகப் போகிறது.

வெளிச்சம் மாறியது. கதவைத் திறந்துகொண்டு ஆர்த்திகா நின்றாள், மழை அவளோடு உள்ளே வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "முடிஞ்சுதோ? எப்படி?" என்றேன், குரலில் உற்சாகம் இருந்ததை நானே கேட்டேன். அவள் என் வலப்பக்கமாக வந்து குந்தினாள். எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அங்கிள், கோவிக்காதேங்கோ. கடைசி ரெண்டு நிமிசமும் நான் ஒரு சத்தமும் போடேல்லை." நான் அவளைப் பார்த்தேன். "சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தனான். நீங்கள் பதினொரு தரம் அமத்தினீங்கள்." பிறகு, என்னைத் தேற்ற நினைத்தோ என்னவோ, "நல்ல ஒழுங்கா அமத்தினீங்கள், அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றாள். எனக்கு விளங்கியது. சனத்துக்கு வைத்த கண்ணியில் நானே காலை வைத்திருக்கிறேன். அவள் எடுத்துவிட்ட அடிகளுக்கெல்லாம் நான் ஆடியிருக்கிறேன்.  "ஏமாத்த நினைக்கேல்லை பிள்ளை" என்றேன். "தெரியும் அங்கிள். கேக்க வேணும் எண்டு சரியான ஆசை இருக்கிற ஆக்கள் இப்பிடித்தான். திருப்பிச் செய்வமோ?"

திருப்பி. கதவு மூடியது, மழை போனது. இந்தத் தடவை கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன். ஆனால் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியில் அவளுடைய முழங்கை தெரிகிறது, அவள் ஒவ்வொரு தடவையும் அழுத்தும்போது முழங்கை ஒரு நூல் அசையும், முன்பே கவனித்திருக்கிறேன் போல, அதுவும் சேர்ந்துதான் தாளமாக வந்திருக்கிறது. முழங்கையைப் பார்த்து அழுத்தினால் நூற்றுக்கு நூறு. உதட்டைப் பார்த்து, தோளைப் பார்த்து, மூன்று வருடம் ஓட்டியவனுக்கு ஒரு முழங்கை போதாதா? கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். சாம்பல் நிறப் பலகை, துளைகள். ஒன்று கேட்டது, தடித்தது, அழுத்தினேன். பிறகு சீறல். சீறல் மட்டும். இந்த இடத்தில் ஒன்று இருக்க வேண்டும், என் தோள்மூட்டு சொல்கிறது, குதிகால் சொல்கிறது, கட்டைவிரல் துள்ளுகிறது, இருக்க வேண்டும் என்பது கேட்டதாகாது. விட்டேன். அடுத்ததையும் விட்டேன். ஒவ்வொன்றையும் விடும்போது ஒரு படி இறங்குவதுபோல இருந்தது, இருட்டில், கைப்பிடி இல்லாமல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்நாளில் நான் ஒரு வெறும் இடத்தை நிரப்பாமல் விட்டது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, கையை எடுத்தால் பட்டனில் பட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

சோதனைத் தாளில் கோடு வலது காதுக்கு நேராகப் போனது, இடதுக்குப் பாதியில் தடாலென்று விழுந்தது. காதுக்கு மெசின் போட்டால் பேச்சு விளங்கும், பழைய காது திரும்பி வராது என்றாள் ஆர்த்திகா. கோடைக்கு வரமாட்டேன் என்று லெஸ்டருக்குச் சொல்ல வேண்டும், அதை நாளைக்குச் சொல்லலாம். நடைபாதையில் ஜன்னலோரம் நின்றேன். மழை வலப்பக்கம் மட்டும் பெய்தது. ரஜிதாவுக்குப் போன் எடுத்தேன். "என்னப்பா, டிப்போவிலையோ?" "இல்லை. ஆஸ்பத்திரியிலை." "ஐயோ, என்ன?" என்றாள், அது கேட்டது. "ஒண்டுமில்லை, பயப்பிடாதையும். ரஜி, அண்டைக்கு மண்டபத்திலை நான் குடிக்கேல்லை. எனக்குக் காது கேக்கேல்லை. கன நாளாக் கேக்கேல்லை."  பிறகு அவள் பேசத் தொடங்கினாள். காது நன்றாயிருந்த காலத்துப் பழக்க தோசத்தில் போனை இடது காதுக்கு மாற்றியிருக்கிறேன், எப்போது மாற்றினேன் என்றே தெரியாது, ஏறியது, இறங்கியது, நின்றது. ஓம் போடுகிற இடம். உதடு தயாராகக் குவிந்து நின்றது. அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு போனை வலது காதுக்குக் கொண்டுவந்தேன். அவளுடைய மூச்சுத் தெளிவாகக் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "ரஜி," என்றேன், "நீர் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லும்." மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் நான் சொல்லாத சொல். "எதிலையிருந்து?" என்று கேட்டாள். நடைபாதையில் ஒரு வெறும் கதிரை இருந்தது, அதில் உட்கார்ந்தேன்.

"தை மாதத்திலையிருந்து" என்றேன். "நீர் என்ரை இடப்பக்கம் வந்து நிண்டீரே, அதிலையிருந்து."